ஸ்கோப் வளையத்தை அளந்து வாங்குங்கள்

துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கிதான் ஸ்கோப்; அதைப் பிடித்து நிறுத்துவது வளையம். ஸ்கோப்பின் முன்வாய் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதில் பாதியுடன் 3 மி.மீ. கூட்டுங்கள். துப்பாக்கிக் குழலைவிட ரெயில் (வளையத்தைப் பூட்டும் மேல் தண்டு) எவ்வளவு உயரமோ அதைக் கழித்தால், ரெயிலிலிருந்து ஸ்கோப்பின் மையம் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். வெர்னியர் இல்லையா? கோவை கணபதிப் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கேளுங்கள்.

வெளிவிட்டம் 57, ரெயில் உயரம் 8 என்றால் 23.5 மி.மீ. வரும். இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள்: சில நிறுவனங்கள் வளையத்தின் உயரத்தை ஸ்கோப்பின் மையம் வரை சொல்கின்றன, சில ஸ்கோப் குழாயின் அடிப்பகுதி வரை மட்டுமே. 30 மி.மீ. குழாய் விட்டமுள்ள ஸ்கோப்பில் இந்த வித்தியாசம் 15 மி.மீ.! எந்தக் கணக்கு என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்கோப் தேவைக்கு மேல் உயர்ந்தால் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் பதியாது, கண் ஒவ்வொரு முறையும் இடம் மாறும், தூரத்தில் குறி சிதறும். படுத்துச் சுடுபவருக்கு இருகால் தாங்கியும் குட்டையாக, 15 முதல் 23 செ.மீ. வரை, இருப்பதே நல்லது. நீண்ட கால்கள் ஆடும்.

ரெயில் முன்வாயின் அடிவரை நீண்டிருந்தால் ரெயில் உயரத்தைக் கழிக்க வேண்டாம். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு இருகால் தாங்கி ஒத்துவராது; முன்னும் பின்னுமாக அது உதைக்கும்போது குறி நகர்ந்துவிடும். ஒலிம்பிக் முறை 10 மீட்டர் போட்டிக்குப் பயில்பவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை, அங்கே ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது.