ஒரு துப்பாக்கியில் ஒட்டியது, இன்னொன்றில் சிதறியது

அரிசோனாவில் இருக்கிறேன். 9 எம்எம் தோட்டாக்களை வீட்டில் நானே நிரப்பிக்கொள்வது வழக்கம். போன மாதம் ஒரே பெட்டித் தோட்டாவை இரண்டு கைத்துப்பாக்கிகளில், 25 கஜத்தில், மணல்மூட்டையில் கையை ஊன்றிச் சுட்டேன். ஒன்றில் பத்தும் உள்ளங்கைக்குள் அடங்கின. இன்னொன்றில் அட்டை முழுக்கச் சிதறல். அதைவிட, ஓட்டைகள் வட்டமாகவே இல்லை, சாவித்துவாரம் மாதிரி நீண்டிருந்தன. குண்டு புரண்டுகொண்டே போயிருக்கிறது!

முதலில் வெடிமருந்தைச் சந்தேகப்பட்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன். கடைசியில், நிரப்பி வைத்திருந்த ஒரு தோட்டாவைச் சுத்தியல் மாதிரியான இழுப்பானில் போட்டுத் தட்டி, ஈயக் குண்டை வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். உள்ளே போகும்போது 0.356 அங்குலம், இப்போது 0.354. கிரிம்ப் டையை, அதாவது கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் அச்சை, அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறேன். பித்தளைக் கூடு மெத்தென்ற ஈயத்தை நெரித்துவிட்டது. குழல் இறுக்கமான துப்பாக்கி அதைப் பொறுத்துக்கொண்டது. சற்று அகலமான குழலில், குண்டைச் சுழலவைக்கும் உட்புறச் சுருள்வரிகள் அதைப் பிடிக்கவே இல்லை.

டையைக் கொஞ்சம் தளர்த்தினேன், குண்டை உள்ளே வைப்பதற்காக விரித்த கூட்டின் வாய் மறுபடி நிமிரும் அளவுக்கு மட்டும். புதுத் தோட்டாக்களைக் கழற்றிய இரண்டு குழலிலும் போட்டுப் பார்த்தேன், சிக்காமல் 'டொக்'கென்று உள்ளே விழுந்தன. மருந்தின் அளவைத் தொடவில்லை. மறுவாரம் அட்டையில் பத்தும் வட்ட ஓட்டைகள்.