கழிவுக் குழாயில் கல்லாகும் உப்பு

உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் வாஷ்பேசின் தண்ணீர் மெதுவாக இறங்கினால், முடியும் எண்ணெயும்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படி நினைத்து இரண்டு மாதம் அடைப்பு நீக்கும் பவுடரைப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பேசினுக்கு அடியில் இருக்கும் பாட்டில் டிராப்பை, அதாவது கழிவுத் தண்ணீர் தேங்கிப் போகும் பாட்டில் போன்ற பகுதியை, கழற்றினேன். உள்ளே சுற்றிலும் வெள்ளைக் கல், அதன்மேல் வழவழவென்று சோப்பு அழுக்கு. அந்தப் பவுடர் காரம். கொழுப்பையும் முடியையும் கரைக்கும், அந்த வெள்ளைக் கல்லான கால்சியம் கார்பனேட்டை ஒன்றும் செய்யாது. அதற்கு அமிலம் வேண்டும்.

ஆனால் நேராக அமிலத்தை ஊற்றினாலும் பலன் குறைவுதான், சோப்புப் படலம் அதைக் கல்லில் படவிடாது. முதலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி அழுக்கை எடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிவிசி இளகிவிடும்.

அப்புறம் அடியில் வாளி வைத்து டிராப்பைக் கழற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, அதில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் படிவு உண்டாகும். குமிழி வந்தால் கல் கரைகிறது என்று அர்த்தம். கல் மிச்சமிருக்கும்போதே குமிழி நின்றுவிட்டால் அமிலத்தின் வீரியம் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கரையுங்கள். மிச்சத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கீறல் விழும், அடுத்த படிவு அங்கேதான் பிடிக்கும்.

சுவருக்குள் போகும் குழாயில் அமிலம் நிற்காமல் ஓடிவிடும். பழைய துணியை அதே கரைசலில் நனைத்து, கயிறு கட்டி, கை எட்டும் தூரம்வரை திணித்துவைப்பேன். காலையில் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். ப்ளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பாதிக்கும். அடைப்புப் பவுடர் போட்ட குழாயில் நிறையத் தண்ணீர் விட்டு அலசாமல் அமிலம் ஊற்றினால் சூடாகித் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷரைத் தடவிப் பாருங்கள். விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒழுகும்.