பாலினீசிய மொழிகளைக் கிளை பிரிப்பது எப்படி?

ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தின் கிழக்குக் கோடியில், பெரும்பாலும் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு ஆகிய மூன்று முனைகளுக்குள் வழங்கும் சுமார் 40 மொழிகளைப் பாலினீசிய மொழிகள் என்கிறோம். இவற்றில் மெய்யொலிகள் குறைவு. சொற்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பவை. ஆகவே, மொழிகளைக் கிளை பிரிக்கும் முறையைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

முதலில் எண்கள், உறுப்புகள், மீன், வீடு போன்ற அன்றாடச் சொற்களைத் திரட்டி, மொழிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் நம்ப வேண்டாம். சொல்லக் கூடாதென்று தடைசெய்த விலக்குச் சொற்களைத் தவிர்க்கும் வழக்கம் இருந்த தஹிதியில் 'ருவா' மறைந்து, இரண்டுக்குப் 'பிதி' என்ற சொல் வந்துவிட்டது.

இனி இரண்டு, எட்டு என்னும் இரு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சமோவாவில் அவை லுவா, வலு. நியூசிலாந்தின் மொழியான மாவோரியில் ருவா, வரு. டோங்காவிலோ உவா, வலு. சமோவாவில் இரண்டு சொல்லிலும் லகரம், மாவோரியில் இரண்டிலும் ரகரம். டோங்காவில் மட்டும் ஒன்றில் லகரம் இருக்க, மற்றதில் மெய்யே இல்லை. எது பழையது என்பதை இம்மூன்றையும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கிளைக்கு வெளியே உள்ள உறவுமொழி ஒன்றைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஃபிஜி மொழியில் அவை ருவா, வலு. ஆக, மூலமொழியில் ரகரமும் லகரமும் வெவ்வேறாக இருந்தன. டோங்காவும் நியுவே என்னும் தீவின் மொழியும் ரகரத்தை இழந்தன. மற்றவை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. டோங்காவின் 'ஹிவா' (ஒன்பது) மற்ற கிளையில் 'இவா' என்று ஹகரம் இழந்து நிற்பதும் இந்தப் பிரிவோடு பொருந்துகிறது.

இங்கே மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு: பழையதை இருவர் காத்து வைத்திருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது, புதிய மாற்றம் ஒன்றை இருவரும் பகிர்ந்திருந்தால்தான் அது சான்று. அந்த மாற்றமும் எளிதில் நிகழக்கூடியதாக இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். மீனைக் குறிக்கும் 'இக்கா' சமோவா, ஹவாய், தஹிதி மூன்றிலும் ககரம் தொண்டையடைப்பாகி (தொண்டையில் காற்றை ஒரு கணம் அடைத்து விடும் ஒலி; இங்கே ' என்ற குறியால் எழுதியிருக்கிறேன்) 'இ'ஆ' என்று ஒலிக்கிறது. அதற்காக மாவோரியை விலக்கி இம்மூன்றையும் ஒரு கிளையாக்கினால் தவறு நேரும். ஏனெனில் சமோவாவில் 'ஃபஃபினே' என்னும் பெண், மாவோரி, ஹவாய், தஹிதி மூன்றிலும் 'வஹினே' என்று மாறியிருப்பது, எளிதில் தற்செயலாக நேராத மாற்றம்; ஆகவே மாவோரி இவ்விரண்டோடுதான் சேரும். ஒலிகள் மட்டும் போதாது என்றுதான் மொழியியலாளர் ஆண்ட்ரூ பாலி 1966-இல் சொல்லமைப்பில் நிகழ்ந்த புதுமைகளையும் கணக்கில் எடுத்துக் கிளைகளைப் பிரித்துக் காட்டினார்.

கடன்சொற்களை இறுதியில் வடிகட்டுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு டோங்காவில் குமலா, மாவோரியில் குமரா, சமோவாவில் 'உமலா. ககரமும் லகரமும் விதிப்படியே நடப்பதால் இது மரபுச்சொல் போலத் தோன்றும். ஆனால் கிழங்கு தென் அமெரிக்காவுக்கு உரியது. பெயரும் அங்கிருந்தே வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஹவாயில் அது 'உஆலா. 'லிமா' (ஐந்து) என்னும் சொல்லில் மகரத்தைக் காப்பாற்றிய அதே மொழி இங்கே அதைக் கைவிட்டிருக்கிறது. இப்படி விதி பிசகும் இடத்தைப் பட்டியலில் தனியாகக் குறித்து வையுங்கள்.