வாஷிங்டன் வீட்டுக்கு லிங்கன் விளையாடப் போவாரா?

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒருநாள் இப்படித்தான் கேட்டாள். அதற்குள் பதினைந்து வாழ்க்கை வரலாறுகளைச் சேர்ந்து படித்து முடித்திருந்தோம்! அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருவருமே அமெரிக்காவின் பழைய அதிபர்கள். ஒருவர் டாலர் நோட்டில், மற்றவர் ஒரு சென்ட் காசில். அவளுக்கு இருவரும் ஒரே பர்ஸில் இருப்பவர்கள். யார் எந்தக் காலத்தவர் என்று புரியவைக்க, அதன் பிறகு நாங்கள் பிடித்துக்கொண்ட முறை இது.

படி 1: ஆறு பேர் போதும்

நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் வாழ்க்கை வரலாற்றுக்குத் தனி அலமாரி இருக்கும். நாங்கள் எடுத்தவர்கள் வாஷிங்டன், லிங்கன், அடிமையாகப் பிறந்து தப்பி அடிமைமுறைக்கு எதிராகப் பேசிய ஃபிரெடரிக் டக்ளஸ், தானும் தப்பி மற்ற அடிமைகளையும் தப்பவைத்த ஹாரியட் டப்மன், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில் சேர்ந்த கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ். ஒல்லிப் புத்தகமாகப் பாருங்கள். ஓவியத்தைவிடப் புகைப்படம் உள்ளது எனக்குப் பிடிக்கும்.

படி 2: பின்பக்கத்திலிருந்து திறவுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட குட்டி வாஷிங்டன் கதையை உருகி உருகி வாசித்துக் காட்டினேன். அது மேசன் வீம்ஸ் என்பவர் 1806இல் தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் நுழைத்த கதை. வாஷிங்டன் 1799இலேயே இறந்துவிட்டார். பொய் சொல்லாதே என்று போதிக்க ஒரு கட்டுக்கதை!

டப்மன் 300 பேரை அடிமைத்தனத்திலிருந்து மீட்டார் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். ஆய்வாளர்கள் இப்போது சொல்வது சுமார் 13 பயணங்கள், 70 பேர் அளவில். எனவே கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் யாராவது பேசினால், "பக்கத்தில் நின்று இதைக் கேட்டது யார்?" என்று குழந்தையிடம் கேளுங்கள். (என் சின்ன வயசுக் கதைகளுக்கும் இப்போது இதே கேள்வி வருகிறது.)

படி 3: சுவரில் கோடு

கடையில் பில் அடிக்கும் காகிதச் சுருள் ஒன்று வாங்குங்கள். சூடுபட்டால் கறுக்கும் வகை வேண்டாம், சாதா காகிதம். வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். 1732இல் தொடங்கினால் இன்றுவரை ஏறக்குறைய மூன்று மீட்டர். ஆளுக்கு ஒரு கலர் பென்சில், பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு கோடு. ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப்தான். செலோ டேப் சுவர் பெயின்டையும் சேர்த்து உரித்துவிடும். வாடகை வீடு என்றால் கவனம்.

வாஷிங்டன் கோடு 1799இல் நின்றது, லிங்கன் கோடு 1809இல் ஆரம்பித்தது. நடுவில் இருந்த பத்து சென்டிமீட்டரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓ, பார்க்கவே முடியாதா?" என்றாள். டப்மன் இறந்தது 1913 மார்ச்சில், ரோசா பார்க்ஸ் பிறந்தது அதே ஆண்டு பிப்ரவரியில். இரண்டு கோடுகளும் மயிரிழை அளவு உரசிக்கொண்டிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். 1960இல் ஆறு வயதில் மார்ஷல்கள் (அமெரிக்க மத்திய அரசின் காவலர்கள்) காவலோடு பள்ளிக்குப் போன ரூபி பிரிட்ஜஸின் கோடு இன்னும் முடியவில்லை, அதனால் அதன் முனையில் அம்புக்குறி போடுங்கள்.

பின்சேர்க்கை

டப்மன் பிறந்த ஆண்டு ஒரு புத்தகத்தில் 1820, இன்னொன்றில் 1822, எதைப் போடுவது என்று இருவர் கமென்ட்டில் கேட்டிருக்கிறீர்கள். அடிமையாகப் பிறந்த குழந்தையின் பிறந்தநாளை எழுதிவைக்க பெரும்பாலும் யாரும் மெனக்கெடவில்லை. டக்ளஸும் தன் பிறந்தநாள் தெரியாமலே வளர்ந்தவர். பிற்காலத்தில் பிப்ரவரி 14ஐ அவராகவே வைத்துக்கொண்டார். இந்த இருவரின் கோடுகளையும் நாங்கள் புள்ளிப் புள்ளியாகத் தொடங்கியிருக்கிறோம். வாஷிங்டனுக்கு மட்டும் ஏன் புள்ளி இல்லை என்று உங்கள் வீட்டிலும் கேள்வி வரும். பதில் சொல்ல அன்றைக்கு அரைமணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.