1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினைப் பழுதின்றி ஓட்ட

2003-ல் ஃபியட் கொண்டுவந்த இந்த 1248 சிசி எஞ்சின்தான் மாருதி ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் ஓடியது. நான்கு சிலிண்டர், 16 வால்வு, காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து உயரழுத்த டீசல்). சாதாரண டர்போவுடன் (புகையின் விசையில் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது) 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க இதில் டைமிங் பெல்ட் கிடையாது, டைமிங் செயின்தான். அதனால் கவனிக்கவே வேண்டாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டாலோ செயின் தளர்ந்து பல் தாண்டும். பிஸ்டன் வால்வில் மோதி, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் முறியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால், வண்டியை ஓட்டாமல் செயின், டென்ஷனர், செயினுக்கு வழிகாட்டும் கைடுகளைச் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஆயிலும் ஃபில்டரும் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, நகர நெரிசலில் ஓடினால் 7,500-க்கே மாற்றுங்கள். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள்.

நெடுஞ்சாலையில் விரட்டி வந்தபின் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போ பேரிங் தப்பிக்கும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் லேசான ஆயில் பசை இயல்பே. தேங்கி நின்றால் டர்போ ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். முன்பின்னாக அசைந்தால் அது தேய்ந்துவிட்டது.

இழுவை குறைந்து கரும்புகை வந்தால் முதலில் இஜிஆர் வால்வின் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது) கரியைச் சுத்தம் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தவே கூடாது: உள்ளே 1,600 பார் வரை அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.