பிரசவப் பை: திறக்கப்போகிறவருக்காக அடுக்குங்கள்

பிரசவ அறைக் கதவு பாதி திறக்கும். நர்ஸ் தலையை நீட்டி, "பிள்ளைத் துணி குடுங்கம்மா, சீக்கிரம்" என்பார். வெளியே நிற்பது பெண்ணின் அம்மாவாக இருக்கும், இல்லையென்றால் அம்மாச்சி. பையை அடுக்கியவளோ உள்ளே வலியில் கிடக்கிறாள். பெரிய சூட்கேஸை வராந்தாவில் கவிழ்த்து, நைட்டிக்கும் சோப்புப் பெட்டிக்கும் நடுவே அந்தச் சின்னத் தொப்பியைத் தேடுவார்கள். ஈரத்தோடு பிறக்கிற குழந்தைக்கு உடம்புச் சூடு வேகமாக இறங்கும் நேரம் அது. ஆகவே பையை உங்கள் வசதிக்கு அடுக்காதீர்கள். அம்மாச்சி பைக்குள் கை விட்டால் கேட்டது அரை நிமிடத்தில் வர வேண்டும்.

36 வாரம் முடிவதற்குள் பை தயாராக இருக்கட்டும். இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பே ஒரு சிசேரியன் என்று ஏதாவது இருந்தால் 32 வாரத்திலேயே கட்டிவிடுங்கள். கட்டியதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவை (நடு முற்றத்தை) தாண்டி, இரண்டாம் கட்டு அறையில், பூட்டிய அலமாரிக்குள் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். நடுராத்திரி நீர்க்குடம் உடைந்தால் முதலில் சாவியைத் தேட வேண்டியிருக்கும். முகப்பை ஒட்டிய அறையில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள்.

ஒரே பை வேண்டாம். ஒரு ஃபைல், பிரசவ அறைக்கு ஒரு சின்னப் பை, குழந்தைக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, கூட இருப்பவருக்கு ஒரு ஒயர் கூடை. ஒவ்வொன்றும் வேறு நிறமாக இருந்தால், எழுத்து தெரியாத ஆச்சிகூட "சிவப்புப் பை" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஃபைல்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, காகிதங்களைச் சென்னையிலோ பெங்களூரிலோ விட்டுவிட்டு வருவது. வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது புடவையை எடுத்து வைக்கும் முன் இவற்றை எடுத்து வையுங்கள்: தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி முடிவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. கணவன் மனைவி இருவரின் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, வங்கி பாஸ்புக் ஆகியவற்றில் தலா 2 நகல். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தருகிற, பிக்மி எண் என்று சொல்கிற 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை ஃபைலின் மேலட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். அந்த எண் இன்னும் வாங்கவில்லை என்றால் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் உடனே போய்ப் பதிவு செய்யுங்கள்.

நெகட்டிவ் ரத்த வகை என்றால் அதையும் மேலட்டையில் சிவப்பு மையில் எழுத வேண்டும். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். ஊசியை வெளியே வாங்கச் சொல்கிற இடங்களில் மருந்துக் கடை அடைத்த நேரமாகப் போய்விடக் கூடாது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிற 2 பேரின் பெயரும் எண்ணும் அதே அட்டையில் இருக்கட்டும்.

இந்த ஃபைல் பைகளுக்குள் போகக் கூடாது. பெண்ணோடு வண்டியில் ஏறுபவரின் தோளில் தொங்க வேண்டும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சேர்த்துவிட்டு, சிக்கல் என்று சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ அனுப்பினால், 108 வண்டி கிளம்பும் அவசரத்தில் பைகள் வார்டிலேயே நின்றுவிடும். ஃபைல் மட்டும் கூடப் போனால் போதும், அங்கே மருத்துவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை.

பிரசவ அறைப் பை

இதில் குறைவாகத்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் திறக்கிற நைட்டி 1, பெரிய அளவு பேட் ஒரு பாக்கெட், தளர்ந்த ஜட்டி 2, பழைய பருத்தித் துண்டு 2, உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர் பாட்டில் (படுத்தபடி டம்ளரில் குடிக்க முடியாது), உதட்டில் தடவச் சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய்.

இதோடு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவர் ஒன்று. "பிறந்தவுடன்" என்று எழுதி ஒட்டி, உள்ளே துடைக்க மெல்லிய துண்டு 2, தொப்பி 1, ஜபலா 1, நாப்பி 1, சுற்றும் துணி 2. நர்ஸ் கேட்டதும் இந்தக் கவரை அப்படியே நீட்டிவிடலாம். துண்டு ஏன் இரண்டு என்றால், முதல் துண்டு துடைத்ததுமே நனைந்துவிடும். அதே ஈரத் துணியில் குழந்தையைச் சுற்றினால் துடைத்த பலன் போய்விடும்.

கிளம்பும் முன் உடம்பிலிருந்து கழற்ற வேண்டியவை தனிக் கணக்கு. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைக் கடைசிவரை கழற்றக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்கு மணிக்கட்டில் இடம் வேண்டும். வலியில் கட்டில் கம்பியை இறுக்கும்போது வளையல் உடைந்தால் கை கிழியும். சிசேரியன் என்றால் தாலிச் சங்கிலி, மெட்டி, தோடு, மூக்குத்தி எல்லாமே கழற்றப்படும். அறுவையில் ரத்தக் கசிவை அடக்க மின்சூட்டுக் கருவி பயன்படுத்துகிறார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் வெந்துவிடும் ஆபத்து உண்டு. சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு ஒன்றை முன்பே கட்டிக்கொண்டால் யார் மனதும் நோகாது. நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி அதன் மேல் தப்பாகக் காட்டலாம். தலையை இரட்டைச் சடையாகப் பின்னி ரப்பர் பேண்ட் போட்டால் மல்லாந்து படுக்கும்போது கொண்டை உறுத்தாது.

அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. யார் உள்ளே வருவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பயந்து அழுகிறவர் வேண்டாம், உறவு எவ்வளவு நெருக்கமானாலும். தைரியமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அத்தையோ அக்காவோ வரட்டும்.

குழந்தைப் பை

பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியை மிஞ்சிய துணி கிடையாது. பலமுறை துவைத்து இளகிய 8 முழ வேட்டி ஒன்றில் கரையையும் ஜரிகையையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு கெஜச் சதுரமாக 3 துண்டு எடுத்தால் சுற்றும் துணி ஆயிற்று. இன்னொரு வேட்டியை இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான சதுரங்களாக வெட்டினால் 12 நாப்பி கிடைக்கும். கஞ்சி போட்ட வேட்டி என்றால் கஞ்சி முழுக்கப் போகும்வரை அலச வேண்டும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை இதற்கு உதவாது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அருமையான நெசவுதான், ஆனால் நூல் கெட்டி. பழைய கண்டாங்கியைத் தாய்க்கு அடியில் விரிக்க எடுத்துக்கொள்ளலாம்.

இனி, நம் ஊர் வீடுகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மூத்த பிள்ளைக்குத் தைத்த சட்டை, அப்பத்தா எடுத்து வைத்த பட்டுத் துணி, தொட்டில் சேலை எல்லாம் வருடக்கணக்கில் பெட்டிக்குள் பாச்சை உருண்டையோடு கிடக்கும். அந்த வாசனையோடு குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். பாச்சை உருண்டையில் இருக்கிற நாப்தலின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பிறக்கும்போது பார்த்தால் தெரியாது. பெட்டித் துணியைத் தவிர்ப்பது நல்லது. போட்டே ஆக வேண்டும் என்றால் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்து, பல நாள் வெயிலில் உலர்த்தி, முகர்ந்தால் துளி வாசனைகூட இல்லாத பிறகுதான். பிரசவப் பைக்குள் உருண்டை போட்டு வைப்பதும் கூடாது.

அளவு: ஜபலா 6, தொப்பி 2, காலுறை 2 ஜோடி, நாப்பி 15, சுற்றும் துணி 4, விரிக்க ரப்பர் ஷீட் 1. புதுத் துணியானாலும் ஒருமுறை துவைத்து வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். பொத்தானைவிட முன்பக்க நாடா நல்லது. முதல் இரண்டு நாள் மலம் தார்போலக் கருப்பாக ஒட்டும். துடைக்க வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சோ மெல்லிய துணியோ போதும், முன்பே லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் சுலபமாக வரும். அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைகளுக்கு 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகம் தருகிற திட்டம் 2015-இல் தொடங்கியது. அது பிரசவத்துக்குப் பிறகு கைக்கு வருவது. முதல் நாள் துணி உங்களிடம் இருந்தாக வேண்டும்.

பையில் போகக் கூடாதவை: பால் புட்டி, பால் மாவு, பவுடர் டப்பா, கிரைப் வாட்டர், கண்மை, வசம்பு, தேன், சர்க்கரைத் தண்ணீர். பவுடர் நுரையீரலுக்குள் போகும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கலாம். சேனை (பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ) தொட்டு வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் பெரியவர் மனம் கோணாமல் பேசி முடியுங்கள். பிள்ளையை முதலில் அவர் கையில் வாங்கி ஆசீர்வதிக்கட்டும், நாக்கில் எதுவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் வாயில் போக வேண்டியது சீம்பால் மட்டும். வெள்ளிச் சங்கு வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம், மருத்துவர் பீய்ச்சிய பாலைப் புகட்டச் சொன்னால் 10 நிமிடம் கொதிக்க வைத்து எடுக்கட்டும். அவர் சொல்லாவிட்டால் அது பையிலேயே கிடக்கட்டும்.

வார்டுப் பை

சுகப்பிரசவத்துக்குக் குறைந்தது 2 நாள், சிசேரியனுக்கு 4 முதல் 7 நாள் என்று கணக்கு வையுங்கள். முன் ஜிப் வைத்த பருத்தி நைட்டி 4 (அடர்ந்த நிறம், கறை தெரியாது), உள்பாவாடை 2, பாலூட்டும் பிரா 3, வழக்கத்தைவிட ஒரு அளவு பெரியதாக. ஜட்டி 8. சிசேரியன் தையல் அடிவயிற்றில் வரும் என்பதால் அதன் எலாஸ்டிக் தொப்புள் பக்கம் வரை ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் மேலேயே அழுத்தும். பேட் 3 பாக்கெட். மாதவிலக்குக்கு வாங்கும் மெல்லிய ரகம் முதல் இரண்டு நாளுக்குத் தாங்காது. ஒரே மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் துணி மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். வழுக்காத ரப்பர் செருப்பு, சீப்பு, பல் துலக்கும் சாமான், சோப்பு, மெல்லிய துண்டு 2. அவ்வளவுதான்.

ஒயர் கூடை

கூட இருப்பவர் சோர்ந்துபோனால் தாயைப் பார்க்க ஆள் இல்லை. 1 லிட்டர் பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர் 2, ஸ்பூன், தட்டு, பாய், போர்வை, கொசுவலை, டார்ச், பனை விசிறி, வாளியும் கப்பும், துணி காயப்போட 3 மீட்டர் கொடிக்கயிறு, ஊக்கு, ஈரத் துணிக்கு பிளாஸ்டிக் பைகள், நீள ஒயர் வைத்த சார்ஜர், 10 ரூபாய் 20 ரூபாயாகச் சில்லறை. விசிறியோ மின்விசிறியோ குழந்தை மேல் நேராக வீசக் கூடாது. சித்திரை வெயிலிலும் முதல் நாள் தொப்பி தலையில் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வலி தொடங்கிய பின் மருத்துவர் அனுமதித்தால் கஞ்சி, மோர், இளநீர். திட்டமிட்ட சிசேரியன் என்றால் எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று கேட்டு, அந்த நேரத்தை ஃபைலில் எழுதி வையுங்கள். பாசத்தில் யாராவது ஒரு வாய் ஊட்டிவிட்டால் மயக்க மருந்து தள்ளிப்போகும். பெற்ற பிறகு முதல் உணவுக்கு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போதும். கவுனி அரிசியும் சீயமும் வீட்டுக்கு வந்த பின் வரட்டும். பிரசவ லேகியத்தைப் பையில் வைக்காதீர்கள், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. பாலூட்டுகிறவளுக்குத் தாகம் அதிகம், தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வந்து தையல் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கிளம்பும்போது

நீர்க்குடம் உடைந்தால் மணியைப் பாருங்கள், நீரின் நிறத்தையும் பாருங்கள். பச்சையாக இருந்தால் சேர்ந்தவுடன் முதலில் அதைச் சொல்ல வேண்டும். பேட் வைத்துக்கொண்டு, வண்டியில் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவது, கண் மங்குவதோடு தலைவலி, இதில் எது வந்தாலும் வலிக்காகக் காத்திராமல் உடனே கிளம்புங்கள்.

வீடு திரும்பும் நாளுக்கு ஒரு செட் துணி குழந்தைப் பையின் அடியில் தனியாக இருக்கட்டும். அரசு மருத்துவமனையிலிருந்து தாயையும் சேயையும் வீட்டில் விட 102 வண்டி இலவசம். வாசலைத் தாண்டும் முன் ஃபைலைத் திறந்து பாருங்கள்: டிஸ்சார்ஜ் சீட்டு, பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் குறித்த தடுப்பூசி அட்டை. பிறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குடும்ப விலாசத்தின் (பெயருக்கு முன் போடும் முன்னோர் எழுத்துகளின்) எல்லா இனிஷியலையும் அங்கே சேர்த்து எழுதிவிட்டால், பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல். பிள்ளைப் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பதிவு மட்டும் 21 நாளைத் தாண்டக் கூடாது.