தொடக்கப் பள்ளியில் நற்பண்பு சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் தலைமையாசிரியர் அறைக்குப் போக வேண்டியிருக்கும். வகுப்புத் தலைவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அவர் திரும்பி வந்ததும் பட்டியலில் உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். என் கணக்கில் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இதில் கற்றுக்கொள்வது என்ன? தலைவன் என்றால் மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பவன். அவனுக்கு வேண்டியவர்கள் பேசினால் பெயர் ஏறாது. ஒரு மிட்டாய் கொடுத்தால் ஏறிய பெயரும் அழியும். பெரியவர்கள் பார்க்காதபோதும் ஒழுங்காக இருக்கப் பழக வேண்டிய நேரத்தில், அதிகாரத்தில் இருப்பவனைச் சரிக்கட்டப் பழகுகிறார்கள். அடுத்த பாடவேளையில் நேர்மையைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும், மனதில் நிற்பது முந்தைய பத்து நிமிடம்தான்.

வெளியே போகும் முன் பிள்ளைகளிடமே கேளுங்கள்: "நான் வரப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்யலாம்? பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு இல்லாம எவ்வளவு சத்தம் போடலாம்?" வந்த பிறகு, எப்படிப் போனது என்று அவர்களே சொல்லட்டும். முதல் சில நாள் இரைச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். தலைவன் வேலையையும் மாற்றுங்கள். நோட்டு கொடுப்பது, தாமதமாக வந்தவருக்கு விட்டுப்போன பாடத்தைக் காட்டுவது, யாருக்காவது அடிபட்டால் ஓடிவந்து சொல்வது போதும். மூன்றாம் வகுப்பு வரை இந்தப் பொறுப்பு எல்லாருக்கும் முறைவைத்து வரட்டும். நான்கு, ஐந்தாம் வகுப்பில் சீட்டில் எழுதி மடித்துப் போடும் தேர்தல் வைக்கலாம். ஆனால் தேர்தல் வைத்துவிட்டு, "அவன் சரியாப் படிக்க மாட்டான்" என்று முடிவை மாற்றுவதாக இருந்தால், தேர்தலே வேண்டாம்.

அடுத்தது பொய். "உண்மையைச் சொல்லு, அடிக்க மாட்டேன்" என்போம். சொன்னதும் அடி விழும், இல்லையென்றால் வகுப்பு முன்னால் அவமானம். இனி அந்தப் பிள்ளை ஏன் உண்மை சொல்லப்போகிறது? விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியலாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றில் அடி வழக்கம், மற்றதில் இல்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைத் தனியே விட்டு, பின்னால் இருக்கும் பொம்மையை எட்டிப் பார்க்கக் கூடாது என்றார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள். ஆனால் அடி விழும் பள்ளியில் பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே பொய் சொன்னார்கள், அதைச் சாமர்த்தியமாகக் கட்டிக்காக்கவும் செய்தார்கள். அடியோ மனத்தை நோகடிப்பதோ கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, உண்மை பேசும் பிள்ளைகள் வேண்டும் என்பதற்காகவும் கையை ஓங்காமல் இருக்க வேண்டும்.

கதையிலும் இதே பயமுறுத்தல்தான். 'புலி வருது' கதையைச் சொல்லி, "பொய் சொன்னா இப்படித்தான் ஆகும்" என்று முடிப்போம். அதே ஆய்வாளர்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு வெவ்வேறு கதைகள் சொல்லிப் பார்த்தார்கள். நாம் புலி என்பதை ஓநாய் என்று சொல்லும் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் கதையும் பலன் தரவில்லை. சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் மரத்தை வெட்டியதை ஒப்புக்கொள்ள, அப்பா அவனைப் பாராட்டும் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். ஆகவே உண்மை சொன்னவரை நல்லபடி நடத்தும் கதையைத் தேடிச் சொல்லுங்கள். அப்புறம் வகுப்பிலும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். இரண்டாவதுதான் கடினம்.

சேதத்தின் அளவைப் பார்த்துத் தண்டிப்பதும் தவறு. தெரியாமல் நிறையக் கோப்பைகளை உடைத்தவனா, செய்யக் கூடாததைச் செய்யும்போது ஒரே ஒரு கோப்பையை உடைத்தவனா, யார் பெரிய குற்றவாளி என்று ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் பிள்ளைகளிடம் கேட்டார். சின்னப் பிள்ளைகள் பலர் நிறைய உடைத்தவனைக் காட்டினார்கள். 1932இல் அவர் இதை எழுதினார். நோக்கத்தைப் பார்க்க அந்த வயதில் இன்னும் பழகவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டுப் பாய் முழுக்க நனைத்தவனை நாமும் திட்டினால், பழகவே விடமாட்டோம். "வேணும்னு செஞ்சியா, தெரியாம நடந்துச்சா?" என்று முதலில் கேட்கலாமே.

"சாரி சொல்லு, கை குடு" என்று அதட்டி வாங்கும் மன்னிப்பும் வீண். பென்சிலை உடைத்தவனிடம், "இப்ப அவளுக்கு எழுத என்ன வழி?" என்று கேட்டால், அவனே தன்னுடையதைக் கொடுப்பான், இல்லை யாரிடமாவது கேட்டு வாங்கித் தருவான். ஒவ்வொரு நற்செயலுக்கும் ஸ்டார் ஒட்டுவதும் அப்படித்தான். ஸ்டார் நின்ற அன்று உதவியும் நின்றுவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சிட்டிருக்கிறது. உறுதிமொழியில் இந்தியர் எல்லாரும் உடன்பிறந்தோர் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அதே பள்ளியில் பெருக்குவது பெண் பிள்ளைகள், நாற்காலி தூக்குவது ஆண் பிள்ளைகள். கழிப்பறை கழுவச் சில தெருப் பிள்ளைகளை மட்டும் அனுப்பினார்கள் என்ற செய்தி இன்றும் வருகிறது. கழிப்பறை வேலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம், அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். மற்ற வேலைகளுக்கு எல்லாப் பெயரையும் அகர வரிசையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் பக்கத்தில் யார் என்பதை வாரம்தோறும் மாற்றுங்கள், அவ்வப்போது நீங்களும் அந்த வரிசையில் உட்காருங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் நாளைக்கே நிறுத்தியாக வேண்டும். உதவித்தொகைப் படிவம் வரும்போது சாதிப் பிரிவைச் சொல்லி, "இவங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் கூப்பிடுவது. அந்த விவரம் சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வேண்டுமென்றால் பெற்றோரைத் தனியாக வரச் சொல்லுங்கள்.